வாய்க்கால் பிடித்து நடப்பது: அல்புஹாரா மலைகளுக்கு ஒரு கைவழி

தெற்கு ஸ்பெயினில், கிரனாடா நகரத்துக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நடுவே சியர்ரா நெவாடா மலைத்தொடர் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஐபீரியத் தீபகற்பத்தின் மிக உயர்ந்த சிகரமான முலாசேன் (3,479 மீட்டர்) இதில்தான் இருக்கிறது. மலையின் தெற்குச் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். கோடை மாதங்களில் இங்கே மழை என்ற பேச்சே கிடையாது. அண்ணாந்து பார்த்தால் ஜூன் வரை உச்சியில் பனி தெரியும், குனிந்து பார்த்தால் வெடித்த மண். மேலே இருக்கும் அந்தத் தண்ணீரைக் கீழே இருக்கும் வயலுக்குக் கொண்டுவர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாக வெட்டி, தூர்வாரி, சண்டை போட்டுக் காத்துவரும் வாய்க்கால்கள் சரிவு முழுக்க ஓடுகின்றன. உள்ளூரில் இவற்றை அசெக்கியா என்பார்கள். அரபுச் சொல்லான அஸ்-ஸாக்கியாவிலிருந்து வந்த பெயர் அது.

முதல் முறை போகிறவர்கள் சிகரத்தைக் குறிவைத்து நடக்கிறார்கள். முலாசேன் நல்ல சிகரம்தான், ஆனால் மேலே கல்லும் காற்றும் தவிர வேறொன்றும் இல்லை. வரலாறு எல்லாம் 1,000 முதல் 2,000 மீட்டர் உயரத்துக்குள் வாய்க்கால் கரையில் கிடக்கிறது. வாய்க்கால் தெரிந்தால் ஊர் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, வயல் எங்கே முடிகிறது, பாதை எதற்காகப் போட்டார்கள் என்ற மூன்றும் தெரிந்துவிடும். தொடங்குவதற்குச் சரியான இடம் பொக்கெய்ரா பள்ளத்தாக்கு. பம்பானெய்ரா, புபியோன், காப்பிலெய்ரா என்ற மூன்று வெள்ளை ஊர்கள் அதன் கிழக்குச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடைசியாகச் சொன்ன காப்பிலெய்ரா 1,436 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

நடப்பதற்கு முன் தெரிய வேண்டிய வரலாறு

அதிகம் வேண்டாம், சில ஆண்டுக் குறிப்புகள் போதும். 1492 ஜனவரி 2-இல் கிரனாடா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. கடைசி சுல்தான் போவப்தில் இந்த மலைகளைச் சிற்றரசாக வாங்கிக்கொண்டு கொஞ்ச காலம் லவுஹார் தெ அந்தரக்ஸ் ஊரில் இருந்துவிட்டு 1493-இல் மொரோக்கோவுக்குக் கடல் தாண்டினார். குடிமக்கள் மட்டும் அப்படியே இருந்தார்கள். 1499-இல் முஸ்லிம்களான அவர்களைக் கிறிஸ்தவர்களாக்கும் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. அப்படி மாற்றப்பட்டவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர் வந்தது. 1567-இல் வந்த அரசாணை அரபு மொழி, உடை, குளியல் கூடம் எல்லாவற்றையும் தடைசெய்தது. 1568 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு கலகம் வெடித்தது. அடுத்த ஜனவரியிலேயே அரசப் படை பொக்கெய்ராவுக்குள் புகுந்துவிட்டாலும் சண்டை 1571 வரை இழுத்தது. அது முடிவதற்கு முன்பே, 1570 நவம்பரில், கிரனாடா நாட்டு மொரிஸ்கோக்கள் அத்தனை பேரையும் மலையிலிருந்து இறக்கிக் காஸ்தீல் பகுதிக்கு ஓட்டிச் சென்றார்கள்.

காலியான வீடுகளில் வடக்கிலிருந்து புதிய குடிகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். யாருக்கு எந்த வீடு, எத்தனை துண்டு நிலம், எத்தனை முசுக்கட்டை மரம், வாரத்தில் எந்த நாள் தண்ணீர் என்று எழுதிய பதிவேடுகளுக்கு அப்பேயோ என்று பெயர். முசுக்கட்டை ஏன் என்றால் பட்டு. மொரிஸ்கோக்களின் காலத்தில் இந்த மலையின் பெரிய வருமானம் பட்டுதான், அவர்கள் போனபின் அது படுத்துவிட்டது. தண்ணீர் முறையை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. வந்தவர்கள் வானம் பார்த்த பூமியில் உழுது பழகியவர்கள். பழைய மடைகளை அப்படியே ஏற்றுக்கொண்டால்தான் சோறு என்பது அவர்களுக்கு முதல் கோடையிலேயே புரிந்திருக்கும்.

இங்கே கேட்கப்போகும் இரண்டு கதைகளைப் பற்றி முன்கூட்டியே ஒரு வார்த்தை. வாய்க்கால் நடத்தத் தெரிந்த இரண்டு மொரிஸ்கோ குடும்பங்களை ஊருக்கு ஊர் விட்டுவைத்தார்கள் என்பது ஒன்று. நல்ல கதை, கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். நில எல்லையைக் காட்டித்தர உள்ளூர் விவரம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டுச் சாட்சி கேட்டது மட்டும் பதிவேடுகளில் இருக்கிறது. இன்னொன்று, ‘எய்ரா’ என்று முடியும் ஊர்ப் பெயர்கள் வடமேற்கு ஸ்பெயினின் கலீசியாவிலிருந்து குடியேறியவர்கள் வைத்தவை என்பது. இது தவறு. போவப்திலுக்குக் கொடுத்த நிலங்களின் பட்டியலிலேயே பொக்கெய்ரா ஒரு வட்டாரத்தின் பெயராக வருகிறது. குடியேற்றத்துக்கு எண்பது ஆண்டு முந்தைய ஆவணம் அது. அரபு வருவதற்கு முன் இங்கே பேசிய லத்தீன் வழி மொழியின் மிச்சம் இந்தப் பெயர்கள்.

வீட்டிலிருந்தே செய்ய வேண்டியவை

வரைபடம் இரண்டு வேண்டும். நடப்பதற்கு எடித்தோரியல் பெனிபேத்திகா வெளியிடும் 1:40,000 தாள், வாய்க்காலைக் கண்டுபிடிக்க ஸ்பெயின் தேசியப் புவியியல் நிறுவனத்தின் 1:25,000 வரைபடம். இரண்டாவதில் அசெக்கியாக்கள் மெல்லிய நீலக் கோடாகச் சரிவின் உயரக்கோட்டை ஒட்டியே போகும். ஓடை உயரக்கோடுகளை வெட்டிக்கொண்டு இறங்கும், வாய்க்கால் அவற்றுக்கு இணையாக ஓடும். இந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே பிரித்துவிடலாம். அந்த நிறுவனத்தின் கைபேசிச் செயலியில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளலாம். பள்ளத்தாக்கின் அடியில் சிக்னல் கிடைக்காது.

அடுத்தது பலர் தவறவிடும் பொருள். 1956-57-இல் அமெரிக்க விமானங்கள் ஸ்பெயின் முழுவதையும் வானிலிருந்து படம் எடுத்தன. அந்தப் படங்கள் இதே நிறுவனத்தின் இணைய ஆவணகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய செயற்கைக்கோள் படத்தைப் பக்கத்தில் வைத்து காப்பிலெய்ராவுக்கு எதிர்ச் சரிவைப் பாருங்கள். இன்று புதர் மண்டிக் கிடக்கும் இடம் 1956-இல் வரிவரியாக அடுக்கு வயல். வெள்ளைப் புள்ளியாகத் தெரியும் வட்டங்கள் கதிரடிக்கும் களங்கள். வெளிறிய வளைகோடு கோவேறு கழுதைப் பாதை. பென்சிலால் வட்டங்களையும் வளைகோடுகளையும் உங்கள் தாளில் குறித்துக்கொண்டு போனால், புதருக்குள் தலை நீட்டும் கல் எதன் கல் என்று அங்கே நின்று யோசிக்க வேண்டியதில்லை.

ஸ்பானிய மொழி கொஞ்சம் படிக்க வருமானால் இன்னொன்றும் செய்யலாம். 1750-களில் காஸ்தீல் அரசு ஊர் ஊராக நாற்பது கேள்வி கேட்டு எழுதிய என்செனாதா பதிவேடு, அரசு ஆவணக் காப்பகங்களின் பாரெஸ் என்ற இணையவாயிலில் ஊர்ப் பெயர் வாரியாக இருக்கிறது. நாற்பதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். 17-ஆம் கேள்வியைப் பாருங்கள், அது சுரங்கம், மாவு ஆலை போன்றவற்றைப் பற்றியது. 21-ஆம் கேள்வி ஊரில் எத்தனை குடிகள் என்பது. ஆலை இருந்தால் அதற்கு ஒரு வாய்க்கால் இருந்திருக்கும். நடக்கும்போது தேட ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

பருவம், நேரம், தண்ணீர்

ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை, பிறகு செப்டம்பர் பின்பாதியிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை நல்ல காலம். வாய்க்கால் நிறைந்து ஓடுவதைப் பார்க்க மே மாதம். இலை உதிர்கால நிறத்துக்கும் செஸ்நட் கொட்டைக்கும் அக்டோபர் கடைசி. ஜூலை, ஆகஸ்டில் போகத்தான் வேண்டும் என்றால் வெளிச்சம் வந்ததும் கிளம்பி, பதினொரு மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். ஸ்பெயினில் கோடைக் கடிகாரம் சூரியனைவிட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் முந்தி ஓடுகிறது. உச்சி வெயில் பன்னிரண்டுக்கு வருவதில்லை, இரண்டு மணிக்கு மேல்தான் வரும், மாலை ஆறு மணிக்கும் வெயில் சுள்ளென்று அடிக்கும். ‘நாலு மணிக்கு வெயில் தாழ்ந்துவிடும்’ என்று நம் ஊர்க் கணக்கில் கிளம்புகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நேரக் கணக்குக்கு ஸ்பெயின் மலையேற்றக்காரர்கள் பயன்படுத்தும் மீதே முறை நம்பகமானது. கல் நிறைந்த கரடுமுரடான பாதையில் மணிக்கு 3 கி.மீ., கோவேறு கழுதைப் பாதையில் 4 கி.மீ. என்று சமதளக் கணக்குப் போடுங்கள். ஏற்றத்துக்கு மணிக்கு 400 மீட்டர், இறக்கத்துக்கு 600 மீட்டர் என்று தனியாக ஒரு கணக்கு. இரண்டில் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் கூட்ட வேண்டும். 9 கி.மீ. கரடுமுரடான பாதையில் 450 மீட்டர் ஏறி இறங்குவதாக வைத்துக்கொண்டால், சமதளக் கணக்கு 3 மணி, ஏற்ற இறக்கக் கணக்கு 1 மணி 52 நிமிடம். 3 மணியோடு 56 நிமிடம் சேர்த்தால் ஏறக்குறைய 4 மணி நேரம். இதில் ஓய்வு சேரவில்லை. வெயில் நாளில் மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர் சுமக்க வேண்டும். பக்கத்திலேயே வாய்க்கால் ஓடுகிறதே என்று குறைக்காதீர்கள். மேலே ஆடும் மாடும் மேய்கின்றன, அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்குமே தவிர குடிக்க ஏற்றதில்லை. ஊருக்குள் உள்ள கல் ஊற்றுகளில் பிடிக்கலாம், ‘நோ போத்தாபிளே’ (குடிக்கத் தகாதது) என்று எழுதியிருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். வாய்க்கால் தண்ணீர் வேறொன்றுக்கு உதவும். பனி உருகி வந்த நீர், சில்லென்று இருக்கும். துண்டை நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டால் அடுத்த அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும். காற்று மிகவும் உலர்ந்தது என்பதால் வியர்ப்பதே தெரியாது, சட்டையில் உப்பு பூத்தபின்தான் எவ்வளவு இழந்தோம் என்று புரியும். ஒரு பாட்டிலில் லிட்டருக்கு ஆறு மட்டமான தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் நிழலில் உட்கார்ந்து சட்டையை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினால் அவசர உதவி எண் 112.

காப்பிலெய்ராவிலிருந்து ஒரு சுற்று

இந்தப் பள்ளத்தாக்கின் குழப்பம், ஊர் மேலே இருக்கிறது, ஆறு கீழே. நாள் இறக்கத்தோடு தொடங்குகிறது. காலையில் குளுகுளுவென்று ஆறு வரை இறங்கிவிட்டு, பிற்பகலில் வந்த வழியே ஏறித் திரும்புகிறவர்களைத்தான் மாலையில் காப்பிலெய்ரா ஊற்றடியில் சிவந்த முகத்தோடு பார்க்கலாம். ஊர் இருக்கும் சரிவு மேற்குப் பார்த்தது, பிற்பகல் வெயில் முழுவதும் அதன் மேல்தான். ஆகவே இறங்குவதையும் எதிர்ச் சரிவில் ஏறுவதையும் காலையிலேயே முடித்துவிட்டு, பள்ளத்தாக்கின் தலைப்பகுதியைச் சுற்றிக்கொண்டு உயரம் அதிகம் மாறாத வழியில் ஊர் திரும்ப வேண்டும்.

காப்பிலெய்ராவின் கீழ்ப்பகுதியிலிருந்து அபுச்சித்தே பாலத்துக்கு இறங்கும் பாதையைப் பிடியுங்கள். கல் பாவிய வழி, கோவேறு கழுதையின் காலடிக்கு ஏற்ற அளவில் குறுக்குக் கற்கள் பதித்திருக்கும். அந்தக் குறுக்குக் கல் படிக்கட்டுக்காக வைத்ததில்லை. மழைத் தண்ணீர் பாதையோடு ஓடி மண்ணை அரிக்காமல் வெளியே தள்ளுவதற்கான தடுப்பு அது, அதனால்தான் கொஞ்சம் சாய்ந்தே கிடக்கும். இறங்கும்போது அதன் மேல் கால் வைக்காமல் அதற்குப் பின்னால் உள்ள மண்ணில் வையுங்கள். நூற்றாண்டுகளாகத் தேய்ந்த பலகைக்கல், தூசி படிந்தால் எண்ணெய் தடவியது போல் வழுக்கும்.

பாலம் தாண்டியதும் எதிர்ச் சரிவில் வடக்கு நோக்கி ஏற்றம். இடையிடையே கூரை இழந்த தோட்டவீடுகள் வரும், கொர்த்திஹோ என்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரே வரிசையில் பாருங்கள். மேலே வாய்க்கால், அதற்குக் கீழே நீர்த்தொட்டி, தொட்டிக்குக் கீழே வீடு, வீட்டுக்குக் கீழே அடுக்கு வயல், சற்றுத் தள்ளிச் சரிவின் மூக்கு போல் நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில் களம். எங்கே போனாலும் இந்த வரிசை மாறாது. வீட்டை வாய்க்காலுக்கு மேலே கட்டினால் தண்ணீர் சுமக்க வேண்டிவரும், களத்தைப் பள்ளத்தில் போட்டால் பதர் தூற்றக் காற்று கிடைக்காது.

களத்தில் நின்றுபோங்கள். வட்டமாகப் பலகைக்கல் பாவியிருக்கும், கற்களின் வரிசை நடுவிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போல் விரியும். குனிந்து கற்களின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். கோவேறு கழுதை பூட்டிய போரடிப் பலகை சுற்றிச் சுற்றி வந்ததில் மேல்முகம் வழவழப்பாகவும் இடுக்குகள் இன்னும் கூராகவும் இருக்கும். பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும், இருட்டியபின் மேலிருந்து கீழே இறங்கும். தூற்றியவர்கள் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பதை நீங்களே ஊகித்துவிடலாம். உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம்தான், ஆனால் நிழல் இருக்காது. சாப்பாட்டை அடுத்த செஸ்நட் மரத்துக்குத் தள்ளிவையுங்கள்.

பள்ளத்தாக்கின் தலையில் லா செபதியா என்ற ஆளற்ற குடியிருப்பு. 1950-களில் நீர்மின் நிலையத்துக்கு வேலைசெய்தவர்களுக்காகக் கட்டியது, சிறு தேவாலயம் உட்பட. அங்கிருந்து வண்டிப்பாதை கிழக்குச் சரிவோடு காப்பிலெய்ராவுக்குத் திரும்புகிறது. வழி தவறவே முடியாது. சலிப்பான பாதை என்று சிலர் குறைப்படுவார்கள். பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தச் சலிப்பு ஒரு வரம். ஓய்வோடு மொத்தச் சுற்றுக்கும் ஐந்து, ஐந்தரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

கரையில் நடப்பதற்குச் சில முறைகள்

வாய்க்காலின் பள்ளத்தாக்குப் பக்கக் கரையில் ஒற்றையடித் தடம் இருக்கும். தண்ணீர் பார்க்கிறவர் மண்வெட்டியோடு போய்வரும் தடம் அது. அவரை அசெக்கியேரோ என்பார்கள், நம்மூர் நீர்க்கட்டி போல. உங்களுக்காகப் போட்ட பாதை இல்லை என்பதை நினைவில் வையுங்கள். கரை வெறும் மண்ணும் புல்வேருமாக இருக்கும். ஈரம் கசியும் இடத்தில் ஓரத்தில் மிதித்தால் கரை சரியும், சரிந்த இடத்தில் தண்ணீர் அரைமணி நேரம் வழிந்தால் கீழே உள்ள கல்லடுக்குச் சுவர் வயிறு தள்ளி விழும். காரை பூசாத அந்தச் சுவருக்கு பலாத்தே என்று பெயர். எனவே கரையின் நடுவில் கால் வையுங்கள், ஊன்றுகோலைக் கரையில் குத்தாதீர்கள், ஆறேழு பேராகப் போகிறவர்கள் வரிசையாகப் போங்கள்.

மடையைப் பார்த்தால் நின்று கவனிக்கலாம். பழைய மடை ஒரு தட்டைக் கல், அதைச் சுற்றி அடைத்த புல்லுருண்டை, கொஞ்சம் சேறு. அவ்வளவுதான். கல்லை எடுத்தால் வயலுக்குப் போகும், வைத்தால் அடுத்தவருக்குப் போகும். புதியவற்றில் இரும்புத் தகடு இருக்கும். பெரிய வாய்க்கால் இரண்டாகப் பிரியும் இடத்தில் கல்லில் வெட்டிய பிரிப்பானைக் காணலாம், இரு பக்க அகலமும் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு பங்கு என்பதைச் சொல்லும். எதையும் தொடாதீர்கள். கல்லை ஒரு சாண் நகர்த்திவிட்டுப் போனால், அன்றைய முறைக்காரருக்கு அடுத்த முறை வரை தண்ணீர் கிடையாது.

வாய்க்கால் எல்லாமே வயலுக்குப் போவதில்லை என்பது அல்புஹாராவின் அழகான நுட்பம். மேலே, பெரும்பாலும் 1,800 மீட்டருக்கு மேல் ஓடும் சில வாய்க்கால்கள் எங்கோ ஒரு வெட்டவெளியில் சட்டென்று முடிந்துவிடும். உடைந்துபோனது என்று நினைக்காதீர்கள். பனி உருகும் மாதங்களில் ஆற்று நீரை வேண்டுமென்றே நுண்துளை நிறைந்த சரிவில் கொட்டி நிலத்துக்குள் இறக்குகிறார்கள். அது பாறைக்குள் மெல்ல ஊர்ந்து, சில வாரங்களோ மாதங்களோ கழித்து, வயல் காய்கிற கோடையில் கீழே ஊற்றாக வெளிப்படும். தண்ணீரை விதைப்பது என்றே இதைச் சொல்கிறார்கள். இந்த வகை வாய்க்காலுக்கு கரேயோ என்று பெயர். பெர்ச்சூலெஸ் ஊரைச் சுற்றி இதை நன்றாகப் பார்க்கலாம்.

இதை அறியாமல், ஒழுகும் மண் வாய்க்காலைக் குழாயாக மாற்றினால் நீர் மிச்சமாகும் என்று கணக்குப் போட்டு மாற்றிய இடங்கள் உண்டு. ஒழுகிய நீரில்தான் கீழே செஸ்நட் மரங்கள் நின்றன. நடக்கும்போது காய்ந்த மரங்கள் ஒரே உயரத்தில் வரிசையாக நின்றால், மேலே ஏறிப் பாருங்கள், வறண்ட வாய்க்காலோ கறுப்புக் குழாயோ இருக்கும். எதிர்த்திசையிலும் வேலை நடக்கிறது. கன்யார் ஊரில் கைவிட்ட பார்ஹாஸ் வாய்க்காலை 2014-இல் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வுக்குழுவும் தன்னார்வலர்களும் மண்வெட்டி பிடித்துத் தூர்வாரி மீண்டும் ஓடவைத்தார்கள்.

வறண்ட வாய்க்காலை மட்டும் நம்பி நடக்காதீர்கள். ஓடும் வாய்க்காலில் தினம் ஒருவர் வந்துபோவார், தடம் திறந்திருக்கும். வறண்டதில் முதல் ஒரு கிலோமீட்டர் நன்றாகத்தான் இருக்கும், பிறகு முள்புதர், அதற்கப்புறம் பாறை முகத்தில் கரை இடிந்து ஒரு முழ அகலம் காலி, கீழே முப்பது மீட்டர். அந்த இடத்தில் தாண்டிவிடலாம் என்று தோன்றும். தோன்றினால் திரும்பிவிடுங்கள். பொதுவாகத் தோட்டவீடு ஒவ்வொன்றிலிருந்தும் ஊருக்கோ ஆற்றுக்கோ கழுதைப் பாதை ஒன்று பிரியும், கடைசியாகப் பார்த்த வீடு வரை பின்வாங்கினால் போதும்.

ஊருக்குள்

கூரை தட்டையாக, சாம்பல் நிறமாக இருக்கும். செஸ்நட் உத்தரம், அதன் மேல் பலகைக்கல், அதன் மேல் லவுனா என்ற சாம்பல் களிமண். பலகைக்கல் சிதைந்து உருவான இந்த மண் நனைந்ததும் இறுகி நீரை விடாது. தேய்பிறையில் பரப்பினால்தான் ஒழுகாது என்பது ஊர் நம்பிக்கை. நடப்பவருக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது. சரிவு செங்குத்தாக இருப்பதால் மேல் தெருவின் தரையும் கீழ் வீட்டின் கூரையும் ஒரே மட்டத்தில் சேர்ந்துவிடும். படம் எடுக்க இரண்டடி தள்ளி நின்றால் யாரோ ஒருவர் படுக்கையறைக்கு மேல் நிற்பீர்கள். களிமண் மிதிபட்டு வெடிக்கும், அடுத்த மழையில் ஒழுகும். சாம்பல் மண்ணில் கால் வைக்காதீர்கள், ஓரத்தில் பலகைக்கல் வரிசையும் அதன் மேல் பாரக்கற்களும் தெரிந்தால் அது கூரை. தெருவுக்குக் குறுக்கே இரு வீடுகளை இணைக்கும் மூடிய நடைக்கு தினாவோ என்று பெயர், ஊரிலேயே குளுமையான இடம் அதுதான்.

இரண்டு மணிக்குமேல் ஐந்து மணி வரை கடைகள் அடைத்திருக்கும். ரொட்டியும் பழமும் காலையிலேயே வாங்குங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு: அவரை, உருளைக்கிழங்கு என்று பட்டியலில் இருந்தாலும் பன்றி இறைச்சித் துண்டு உள்ளே கிடக்கும். ‘சின் கார்னே’ (இறைச்சி வேண்டாம்) என்றால் மட்டும் போதாது, ‘சின் ஹமோன்’ (உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை வேண்டாம்) என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். ஹமோனை இறைச்சிக் கணக்கிலேயே சேர்க்காத சமையலறைகள் உண்டு.

அரைநாள் இருந்தால் லா தாஹா

பக்கத்துப் பள்ளத்தாக்கில் பித்ரெஸ், ஃபோந்தாலெஸ், ஃபெரெய்ரோலா உட்பட ஏழு சிற்றூர்கள் சேர்ந்து லா தாஹா என்ற ஊராட்சி. தாஹா என்பது கிரனாடாவை ஆண்ட நஸ்ரி சுல்தான்கள் காலத்து நிர்வாக வட்டாரத்தின் பெயர். ஃபோந்தாலெஸிலிருந்து கீழே ட்ரெவேலெஸ் ஆற்றின் மேல் பழைய பாலமும் இடிந்த ஆலையும் இருக்கின்றன. ஆலையில் தேட வேண்டியது இரண்டு: தண்ணீரை மேலிருந்து விழவைக்கும் கல் கிணறு, அடியில் படுக்கைவாட்டச் சக்கரம் சுழன்ற வளைவான பொந்து. ஃபெரெய்ரோலா அருகே வாயு கலந்த இரும்புச்சத்து ஊற்று உண்டு. சுற்றியுள்ள கல் எல்லாம் துருவேறிச் சிவந்திருக்கும், ஊரின் பெயரிலேயே இரும்பு ஒளிந்திருக்கிறது.

இன்னும் சில

வெள்ளை-மஞ்சள் கோடு குறும்பாதை, வெள்ளை-சிவப்பு நெடும்பாதை, பெருக்கல் குறி போட்டிருந்தால் தப்பான வழி. ஜி.ஆர். 240 என்ற நெடும்பாதைக்கு சுலைர் என்று பெயர், அரபியர்கள் இந்த மலையை அழைத்த பெயர், சூரியனின் மலை என்று பொருள். சுமார் 300 கி.மீ. சுற்றி வருகிறது.

வேலிக் கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுச் செல்லுங்கள். மந்தைக் காவல் நாய் வந்தால் ஓடாமல் ஊன்றுகோலை முன்னே நீட்டியபடி மெதுவாக மந்தையைச் சுற்றிப் போங்கள், நடுவில் புகாதீர்கள். குளிர்கால முடிவில் பைன் மரங்களுக்குக் கீழே கம்பளிப்பூச்சிகள் வரிசைகட்டிப் போகும், தொடவே கூடாது, அதன் ரோமம் பட்டால் தோல் வீங்கும், கண்ணில் பட்டால் மருத்துவமனைதான். ஜூன் 1 முதல் அக்டோபர் 15 வரை காட்டுத்தீ அபாயக் காலம், தேநீர் அடுப்பைக்கூடப் பற்றவைக்காதீர்கள்.

முலாசேனைப் பார்த்தே தீர வேண்டுமென்றால், கோடையில் காப்பிலெய்ராவிலிருந்து தேசியப் பூங்காவின் சிற்றுந்து சுமார் 2,700 மீட்டர் வரை ஏற்றிவிடும். இடம் முன்பதிவு செய்ய வேண்டும். குளிர்காலத்தில் அதே சரிவு பனிக்கட்டி, பனிக்கோடரியும் ஆணிச்செருப்பும் பயன்படுத்தத் தெரியாதவர்கள் போகக் கூடாது.

கிரனாடா பேருந்து நிலையத்திலிருந்து இந்த ஊர்களுக்கு நாளொன்றுக்குச் சில பேருந்துகளே உண்டு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கடைசி வண்டியின் நேரத்தை இறங்கும்போதே ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மலைப்பாதையில் இடப்பக்க இருக்கையா வலப்பக்கமா என்று யோசிப்பவர்களுக்கு: போகும்போது பெரும்பாலும் பள்ளம் வலப்பக்கம். வயிறு கலங்குகிறவர்கள் இடப்பக்கம் உட்காரலாம்.